பெயருக்கு முன்னால் ஒன்றும் போடாதே

அன்பு மகன் கீதனுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. லைன் சரியில்லை என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் கலியாண அழைப்பிதழை ரொறன்ரோவில் அச்சுக்குக் கொடுக்கப்போவதாகவும், அதில் அண்ணாவின் பெயரையும் போட விரும்புவதாகவும் சொன்னாய். பெயருக்கு முன்னால் 'லெப்டினன்ட்' என்று போடவேண்டும் என்று ஒருவரும், இல்லை, '2ஆம் லெப்டினன்ட்' என்றுதான் பேப்பரில் வந்தது என்று இன்னொருவரும் சொல்கிறார்களாம். "அப்பா, எது சரி?" என்று கேட்டாய். பெயருக்கு முன்னால் ஒன்றும் போடாதே, மகன். சிவரூபன் என்று போடு. நாங்கள் கூப்பிட்டது போல ரூபன் என்று போட்டாலும் சரி. ஏன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு தாளும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ இப்போது குடும்பக்காரன் ஆகப்போகிறாய். உன் கலியாணத்தை நாங்கள் இருவரும் இங்கே ஃபோனில்தான் பார்க்கப்போகிறோம்; பிளேன் ஏறுகிற உடம்பு இல்லை. மணவறைக்குப் பக்கத்தில் நின்று உன் காதில் சொல்ல வேண்டியதை எழுதித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

நான் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். கிளாக்கருக்கு உலகம் படிகளால் ஆனது. யாருக்கு யார் மேல், யாருடைய கடிதத்தில் யார் கையெழுத்து வைக்கலாம் என்பதே எங்கள் வேதம். போர்க்காலத்தில் அந்தப் புத்தி எனக்கு உதவியது. எந்தப் படை ஊருக்குள் வந்தாலும் அதன் தோள்பட்டையையும் சட்டைக் கையையும் முதலில் படித்துவிடுவேன். இந்தியப் படை இருந்தபோது கையில் இரண்டு பட்டி என்றால் நாயக், மூன்று பட்டி என்றால் ஹவில்தார், அதற்கு மேலே சுபேதார். இலங்கை இராணுவத்தில் கோப்ரல், சார்ஜன்ட், தோளில் மூன்று நட்சத்திரம் என்றால் கப்டன். ஊர்ச்சனம் மறிச்சுச் சோதிக்கிற இடத்துக்குப் போகுமுன் என்னிடம் வந்து கேட்கும். "கிளாக்கர் ஐயா, உதிலை நிக்கிறவன் பெரிய ஆளோ, சின்ன ஆளோ?" நான் சொல்வேன். எனக்கு அது பெருமை.

உன் அம்மாவுக்கு உன்னைப் பெறுகிற நோவு வந்த அன்று, காரில் ஏற்றிக்கொண்டு பலாலி வீதியால் யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்கு வந்தோம். வழியில், திருநெல்வேலிச் சந்தியில், ஒரு இந்தியச் சிப்பாய் மறித்தான். கையில் இரண்டு பட்டி. நாயக் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கைகளைக் கூப்பி, "சுபேதார் சாப், சுபேதார் சாப்" என்றேன். அவன் தன் கையைத் தட்டிக் காட்டிச் சிரித்தான். "சுபேதார் நஹீ. நாயக்." பிறகு காருக்குள் குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான். உடனே ஓடிப்போய்த் தடையைத் தானே தூக்கிப் பிடித்தான். நீ ஆசுபத்திரியில் பிறந்தது அதனால்தான். ஒரு மனிதன் தன் பதவியைத் தானே குறைத்துச் சொன்னதை நான் என் வாழ்க்கையில் கண்டது அன்று மட்டுந்தான். ஆனால் அவனிடம் கற்க வேண்டியதைக் கற்கவில்லை. தோளைப் பார்த்துப் பேசினால் தடை திறக்கும் என்பதையே கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டிலும் நான் அப்படித்தான் இருந்தேன். ரூபன் பள்ளிக்கூடத்தால் ரிப்போட் கொண்டுவருகிற நாளில், அவன் செருப்பைக் கழற்றுமுன்னமே, "வகுப்பிலை எத்தினையாம் பிள்ளை?" என்று கேட்பேன். "மூண்டாம் பிள்ளை, அப்பா." "முதலாம் பிள்ளை ஆர்?" அதோடு அந்த நாள் முடிந்துவிடும். அவன் நன்றாகப் படம் கீறுவான். எங்கள் கிணற்றடி வாழையையும் செல்லத்துரையின் மாட்டையும் கீறி அம்மாவுக்குக் காட்டுவான். எனக்குக் காட்டமாட்டான். படத்துக்கு எத்தனையாம் பிள்ளை என்று இல்லையே!

செல்லத்துரையை உனக்குத் தெரியும், ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்து வளவு. புகையிலைத் தோட்டக்காரன். அவனுடைய மகன் பாலனும் ரூபனும் ஒரே வயது. பாலன் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டுத் தகப்பனோடு தோட்டத்துக்குப் போனான். ரூபன் உயர்தரம் வரை படித்தான். இருந்தாலும் இரண்டு பேரும் ஒட்டித்தான் திரிவார்கள். ஒருநாள் காலமை இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போனார்கள். பின்னேரம் ஆகியும் வரவில்லை. இயக்கத்துக்குப் போய்விட்டார்கள் என்று அடுத்தநாள் தெரிந்தது. ரூபனுக்கு அப்போது பதினெட்டு வயது, உனக்கு மூன்று. நீ அவனுடைய சைக்கிள் நின்ற இடத்தைக் காட்டி, "அண்ணா எங்கை?" என்று சில நாட்கள் கேட்டாய். பிறகு விட்டுவிட்டாய்.

ஒன்றரை வருசத்தில், ஒரே சண்டையில், ஒரே நாளில் இரண்டு பேரும் போனார்கள். ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கைக்குள் வந்து பெயர்களைச் சொன்னது. இயக்கத்தில் பதவி என்பது பெரும்பாலும் இறந்தபிறகுதான் வெளியே தெரியும். அன்றுதான் நாங்களும் அறிந்தோம். செல்லத்துரையின் மகன் கப்டன் பாலன். என் மகன் 2ஆம் லெப்டினன்ட் சிவரூபன். கீதன், இதையும் எழுதத்தான் வேண்டும். அம்மா நிலத்தில் விழுந்து கிடந்தாள். நீ அவளுடைய சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் கணக்குப் பார்த்தேன். கப்டனுக்குக் கீழே லெப்டினன்ட், அதற்கும் கீழே 2ஆம் லெப்டினன்ட். என் பிள்ளை இரண்டு படி கீழே.

பிறகு நடந்தது இன்னும் மோசம். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒழுங்கையில் பந்தல் போட்டிருந்தது. சனம் நிறைந்திருந்தது. யாரோ ஒருவர் என்னைத் தேற்றுவதற்காக ஏதோ சொன்னார். நான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "ஒழுங்காப் பள்ளிக்கூடம் போகாதவனெல்லாம் கப்டன். படிச்ச பிள்ளைக்கு இதுதான்." செல்லத்துரை மூன்று முழத் தூரத்தில் நின்றான். தோளில் துண்டோடு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"கிளாக்கர், என்ரை பிள்ளையின்ரை செத்தவீட்டிலை நிண்டுகொண்டோ இதைக் கதைக்கிறீர்?"

அவ்வளவுதான் கேட்டான். அன்றிலிருந்து நான் அந்த வீட்டோடு கதைப்பதை நிறுத்தினேன்; அம்மாவையும் கதைக்கவிடவில்லை. குற்றம் செய்தவன் நான். கோபம் பிடித்ததும் நான்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கிழமை நான் ஒரு மனு எழுதினேன். கந்தோர் பாசையில், கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி. எனது மகனின் கல்வித் தகைமை, சேர்ந்த நாள், சேவைக் காலம், தரமுயர்த்தலுக்கான நியாயங்கள். இறந்துபோன என் பிள்ளைக்குப் புரமோசன் கேட்டு நான் எழுதினேன், மகன். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, இயக்கத்தின் முகாமுக்குப் போகச் சைக்கிளை எடுத்தபோது அம்மா படலை வரைக்கும் வந்தாள். செத்தவீட்டுக்குப் பிறகு அவள் என்னோடு ஒரு முழு வசனம் பேசியது அப்போதுதான்.

"இஞ்சாருங்கோ, அங்கை அவனோடை நிண்ட பிள்ளையள் ஆரும் இருந்தாக் கேட்டுக்கொண்டு வாங்கோ. கடைசியா என்ன சாப்பிட்டவன் எண்டு. பசியோடையோ போனவன் எண்டு."

"ஓம், கேக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அங்கே பொறுப்பாக இருந்தவருக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதுதான் இருக்கும். இடது சட்டைக் கை வெறுமையாக மடித்துக் குத்தியிருந்தது. ரூபனும் பாலனும் அவரோடு நின்ற பிள்ளைகள்தான். என் மனுவை ஒரு கையால் பிரித்து மேசையில் வைத்து, மேலே ஒரு கல்லை வைத்துக்கொண்டு, முழுவதும் வாசித்தார். சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

"ஐயா, எனக்கு இப்ப என்ன பதவி, சொல்லுங்கோ பாப்பம்?"

எனக்குத் தெரியவில்லை. தோளில் ஒன்றும் இல்லை.

"எனக்கும் தெரியாது ஐயா. நான் போனாப் பிறகு நீங்கள் பேப்பரிலை பாப்பியள்." பிறகு, "நீங்கள் வேறை ஏதும் கேக்க வந்தியளோ?" என்றார்.

அவர் அப்படிக் கேட்டார், கீதன். நான் கேட்பதற்குக் கதவைத் திறந்துவிட்டதுபோலக் காத்திருந்தார். நான், "இல்லைத் தம்பி, மனுவை மேலை அனுப்பிவிடுங்கோ, அது காணும்" என்று எழும்பி வந்துவிட்டேன். அம்மா சொன்னது, எங்கள் படலையில் சைக்கிளை நிறுத்தும்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் அங்கேயே நின்றாள். திரும்பிப் போயிருக்கலாம். வெட்கம் விடவில்லை. "இடியப்பமும் சொதியும் சாப்பிட்டவனாம். வயிறு நிறையச் சாப்பிட்டவனாம்" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றாள்.

மூன்று மாதத்தில் திருத்தம் வந்தது: லெப்டினன்ட். ஒரு பகல் முழுக்க அந்தத் தாளை வைத்துக்கொண்டு திரிந்தேன். அம்மா அதைக் கையால் வாங்கவில்லை. அதன்பிறகு கொஞ்ச நாளில் அந்தப் பொறுப்பாளரின் படம் பேப்பரில் வந்தது. மேஜர். மாவீரர் துயிலும் இல்லத்தில் ரூபனுக்குக் கல் வைத்தபோதும் நான் முதலில் பார்த்தது பதவியைச் சரியாகச் செதுக்கியிருக்கிறார்களா என்றுதான். அந்தக் கல்லையும் பிறகு ஆமி இடித்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு வருசமும் திதிக்கு அம்மா இடியப்பமும் சொதியும் வைத்துப் படைப்பாள். நீ இங்கே இருந்தபோது எத்தனை தரம் அதைச் சாப்பிட்டிருப்பாய். அண்ணா கடைசியாகச் சாப்பிட்டது என்று சொல்லி உனக்கு ஊட்டுவாள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவேன்.

இடப்பெயர்வில் செல்லத்துரை குடும்பம் வன்னிக்குப் போனது. போர் முடிந்தபிறகு அவனும் மனைவியும் திரும்பி வந்து அதே வளவில் குடியேறினார்கள். இத்தனை வருசமாக ஒழுங்கையில் கண்டால் நான் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு போவேன்.

போன ஆடி அமாவாசைக்கு என் அப்பாவுக்குக் கடன் கழிக்கக் கீரிமலைக்குப் போனேன். கேணியில் முழுகிவிட்டு வந்து படியில் இருந்தபோது, என் வயதுச் சிங்கள மனிதர் ஒருவர் பக்கத்தில் வந்து இருந்தார். தெற்கிலிருந்து யாத்திரை பஸ்ஸில் வந்தவர். நல்ல தமிழ் பேசினார். இளமையில் யாழ்ப்பாணத்தில் பேக்கரியில் வேலை செய்தவராம். "என்ரை மகன் ஆமியிலை இருந்தவன். இந்தப் பக்கந்தான் எங்கேயோ முடிஞ்சவன்" என்றார். சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து ஒரு பெடியனின் படத்தைக் காட்டினார். தொப்பி கொஞ்சம் பெரிசு.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "என்ன ராங்க்?"

"லான்ஸ் கோப்ரல். செத்தாப் பிறகு ஒரு படி ஏத்திக் கோப்ரல் ஆக்கினவை. மெடலும் குடுத்தவை, ரண சூர பதக்கம். மனிசி அதை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டாள்."

என் மகனுக்கும் இறந்தபிறகுதான் ஒரு படி ஏறியது என்றேன். இரண்டு பென்சன்காரர் சேவைக் காலத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல நான் பேசிக்கொண்டே போனேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்கடை மகன்ரை பேர் என்ன ஐயா?" என்றார். சொன்னேன். "சிவரூபன்" என்று ஒருதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். அவருடைய பஸ் ஹோன் அடித்தது. எழும்பி இரண்டு படி ஏறினவர் திரும்பி நின்றார். "நீங்கள் என்ரை மகன்ரை பேரைக் கேக்கேல்லை. சமன்." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லாமல் போக மனம் வராமல் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்தவன் உள்ளே போகவில்லை. நேரே செல்லத்துரையின் படலையைத் திறந்தேன். அவன் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றான். நிமிர்ந்து பார்த்து, குழாயைக் கீழே போட்டான்.

"கிளாக்கரோ? வாரும். இரும்."

"செல்லத்துரை, நான் அண்டைக்குச் சொன்னது..."

"அதை விடும். நானும் கிழவன், நீரும் கிழவன்."

"உமக்கு ஏதும் தெரியுமோ? கடைசி நாளைப் பற்றி?"

அவன் என்னை நம்பாததுபோலப் பார்த்தான். "உமக்குத் தெரியாதோ? நான் அந்தப் பொறுப்பாளரிட்டை அடுத்த கிழமையே போய்க் கேட்டு வந்தனான். சொல்லுவம் எண்டு ரெண்டு தரம் உம்மடை படலை மட்டும் வந்தனான். நீர் என்னைக் கண்டிட்டு உள்ளுக்குப் போட்டீர்."

பிறகு சொன்னான். மத்தியானம் மரவள்ளிக் கிழங்கு அவித்தார்களாம். சம்பலோடு சாப்பிட்டார்களாம். ரூபன் தன் பங்கு முடிந்து, பாலனுடைய பங்கிலும் இரண்டு துண்டு எடுத்தானாம், பாலன் ஏசினானாம். விஜயதசமிக்குத் தம்பிக்கு ஏடு தொடக்குகிறார்கள், வீட்டுக்குப் போகவேண்டும் என்று ரூபன் லீவு கேட்டிருந்தானாம். இரண்டு நாள் கிடைத்திருந்ததாம். உனக்குத்தான், கீதன், உன் ஏடு தொடக்கலுக்கு. அந்த வருசம் செத்தவீட்டுத் துடக்கென்று நாங்கள் அதைச் செய்யவில்லை. நீ ஒரு வருசம் பிந்தித்தான் 'அ' எழுதினாய்.

"வேறையும் ஒண்டு சொன்னவர். அது உமக்கு வேண்டாம்" என்றான் செல்லத்துரை.

"சொல்லும்."

"வேண்டாம் கிளாக்கர்."

"நான் கேக்காமல் விட்டதெல்லாம் காணும். சொல்லும்."

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "'வீட்டை போனா அப்பா முதல் கேக்கிறது என்ன பதவியெண்டுதான். வெறுங்கையோடை எப்பிடிப் போறது' எண்டு சொன்னவனாம். அண்டைக்குப் பின்னேரந்தான் முன்னுக்குப் போற அணிக்குத் தானாப் பேர் குடுத்தவனாம். அவன் போனபடியால் பாலனும் போனவன்."

செல்லத்துரையின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவர்களுடைய பிள்ளையும் அதனால்தான் போனான் என்று இத்தனை வருசமும் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் ஒரு சொல் வரவிடவில்லை.

கீதன், அதற்காகத்தான் அவன் முன்னுக்குப் போனானா, வேறு எதற்குமா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல இனி ஆளில்லை. உனக்குச் சொல்லக்கூடியது இதுதான். நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, அது பள்ளிக்கூடத்தால் வந்து செருப்பைக் கழற்றும்போது நீ என்ன கேட்கிறாய் என்பதில் கவனமாயிரு. பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் போகும். உன் மனைவி உன்னிடம் ஒரு சின்னக் கேள்வியைத் தந்து கேட்டுக்கொண்டு வரச்சொன்னால், போன காரியத்தை விட்டுவிட்டாவது அதைக் கேட்டுக்கொண்டு வா. உன்னோடும் நான் இதையேதான் செய்திருக்கிறேன். நீ கனடாவில் வேலை கிடைத்தது என்று அழுதழுது ஃபோன் எடுத்த அன்று, "என்ன போஸ்ற்?" என்று கேட்டேன். நீ ஏன் அழுதாய் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இங்கே வரும்போது சொல்லு. கேட்கவேண்டும் என்று ஆசையாயிருக்கிறது. உன் குரலை ஃபோனில் இல்லாமல் பக்கத்தில் வைத்துக் கேட்டு எட்டு வருசம்.

அன்று நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்க மறந்ததையும், இடியப்பமும் சொதியும் என் வாயில் வந்த பொய் என்பதையும் சொன்னேன். மரவள்ளிக் கிழங்கைச் சொன்னேன், லீவைச் சொன்னேன். அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அவள் அடுப்பை அணைத்தாள். செருப்பும் போடாமல் ஒழுங்கையைக் கடந்து செல்லத்துரை வீட்டுக்குப் போனாள்.

பொழுது சாயும் வரைக்கும் வரவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருப்பாள் என்று தெரிந்தது. வந்து எப்படிப் பார்ப்பாளோ என்று வாசலில் இருந்தேன். வந்தாள். எனக்குப் பக்கத்தில் படியில் இருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "பாலன்ரை பங்கையும் எடுத்துச் சாப்பிட்டவனாம், கள்ளன்" என்றாள். அவனை அவள் அப்படி ஏசிக் கேட்டு முப்பது வருசத்துக்கு மேல். பிறகு என் முழங்காலில் கையை வைத்தாள்.

"உங்களைப் பற்றிச் சொன்னது பகிடிக்குத்தானாம். சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொன்னவனாம். செல்லத்துரை அண்ணை உங்களுக்கு அதைச் சொல்ல மறந்துபோனாராம்."

செல்லத்துரை எதையும் மறக்கிறவன் அல்ல. நான் "ஓமோ?" என்றேன். "ஓம்" என்றாள்.

அப்பா